கொடி மாறிய கப்பல்

சீடன்: குருவே, ஓர் ஐயம் என்னை விடவில்லை. 1800இல் பிரான்சின் ரோஷ்ஃபோர் துறையில் நீரிறங்கிய துகே-த்ருவான் என்ற போர்க்கப்பல், 1805 அக்டோபர் 21 அன்று திரஃபால்கரில் பிரெஞ்சு அணியில் நின்றது. நவம்பர் 4 அன்று ஓர்ட்டேகால் முனையருகே பிரிட்டிஷாரிடம் பிடிபட்டது. பிறகு இம்ப்ளாக்கபிள் என்ற பெயரில் அவர்களுக்காகவே சுட்டது. இரண்டும் ஒரே கப்பல்தானா?

குரு: ஒரே கப்பல்தான். நாற்றைப் பிடுங்கி அயலான் வயலில் நட்டால் பயிர் வேறாகிவிடுமா?

சீடன்: காலப்போக்கில் பலகைகளை மாற்றியிருப்பார்களே?

குரு: அது தர்க்கம் படிப்பவர்களின் பொழுதுபோக்கு. உன்னை உறுத்துவதைக் கேள்.

சீடன்: ஒரே கப்பல் என்றால், அதன் விசுவாசம் எங்கே போயிற்று? ஓர்ட்டேகால் சண்டையில் அதன் தலைவர் தூஃபே மாண்டார். மூன்றாண்டுகூட ஆகவில்லை, 1808இல் பால்டிக் கடலில் ருஷ்யாவின் விசெவோலத் கப்பலை அது அடித்து அடக்கியது. அப்போது ருஷ்யா பிரான்சின் கூட்டாளி. இது துரோகமில்லையா?

குரு: துரோகம் செய்ய முதலில் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். கப்பல் யாருக்கு வாக்குக் கொடுத்தது? சத்தியம் செய்தவர்கள் மனிதர்கள். அவர்கள் கைதிகளாய்க் கரையேறியபோது விசுவாசமும் அவர்களோடு இறங்கிவிட்டது. எஞ்சியது உடற்கட்டு: ஸானே என்ற பிரெஞ்சுக் கப்பற்கலைஞர் வகுத்த, 74 பீரங்கி தாங்கும் கட்டு. வென்றவர்கள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். பிடித்த கப்பலைப் பற்றி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும், கடற்படை அதை விலைக்கு வாங்கும், அந்தப் பணம் பிடித்தவர்களுக்குப் பதவிக்கேற்பப் பங்காகும். பகைவன் தச்சனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது? 1747இல் கைப்பற்றிய இன்வின்சிபிள் என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்துத்தான் பிரிட்டிஷார் 74 பீரங்கிக் கப்பலின் அருமையையே அறிந்தார்கள். அறுவடை வயல்காரனுக்கு, நெல்லின் இனம் நாற்றங்காலுக்கு. பெயர்கூட மாறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஓர்ட்டேகாலில் உடன் பிடிபட்ட சிப்பியோனும் மோன் பிளானும் பழைய பெயரோடே ஊழியம் செய்தன. துகே-த்ருவான் விஷயம் வேறு. அந்தப் பெயருக்குரியவர் ஆங்கிலேயக் கப்பல்களைப் பிடித்தே புகழ்பெற்ற மனிதர். அதை அவர்கள் எப்படி விட்டுவைப்பார்கள்? நாற்றுக்கு வயல்காரன் என்ன பெயரிட்டாலும் வேர் அதைக் கேட்பதில்லை.

சீடன்: நாற்றுக்குள் மனிதர்கள் குடியிருப்பதில்லையே, குருவே.

குரு: உவமையை அறுக்காதே. 1855 முதல் டெவன்போர்ட்டில் அது சிறுவர்களைக் கடலோடிகளாக்கிய பயிற்சிக் கப்பல். அது பிறந்த ஊர் எது என்று கேட்டா அவர்கள் கயிறு ஏறினார்கள்?

சீடன்: ஆனால் 1949 டிசம்பர் 2 அன்று அதைக் கடலில் மூழ்கடித்தபோது இரு நாட்டுக் கொடிகளும் பறந்தனவே. இருவருக்கும் அது விசுவாசமாய் இருந்தது என்றுதானே பொருள்?

குரு: கொடி ஏற்றியவர்கள்தாம் வெடியும் வைத்தார்கள். போர் முடிந்த வறுமையில் பழுதுபார்க்கப் பணமில்லை. பின்புறச் சிற்ப வேலையைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அது கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே கப்பலைப் பிரான்சுக்குத் தர முன்வந்தார்கள்.

சீடன்: பிரான்ஸ்?

குரு: வேண்டாம் என்றது.