பொறுமை என்னும் மருந்து

2004 டிசம்பர் 26 ஆம் திகதி பொங்கியெழுந்த கடல் அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்பொழுது நான் பள்ளி மாணவன். கல்முனையில் நாங்கள் படித்த வகுப்பறை சில வாரங்கள் அகதி முகாமாயிற்று. இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயொருத்தி அங்கே சுவரைப் பார்த்தவாறே அமர்ந்திருப்பாள். வந்தவர் அனைவரும் அவளுக்குச் சொன்னது ஒன்றே: "சபூர் செய்யுங்க." சில நாட் பயிற்சியோடு வந்த உளவளத்துணையாளர் ஒருவரும் பொறுமையின் பெருமையை அழகாக எடுத்துரைத்தார். அவள் தலைநிமிராமலே கேட்டாள்: "சபூர்தான் மகன் செய்றன். பள்ளிக்கூடம் தொறந்தா நாங்க எங்க போற?"

அவர் வாயடைத்துப் போனார். அக்கேள்வி இன்றும் என்னை விட்டபாடில்லை. பழந்தத்துவம் உள்ளத்து நோய்க்கு மருந்தாகுமா? ஆகுமெனின், எந்த நோய்க்கு?

மருந்தாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, துயரைப் போக்கும் வழி பற்றித் தனிநூலே எழுதினார். அதில் ஒரு கதை. தன் மரணத்தின்பின் தாய் ஒரு விருந்து வைக்க வேண்டும், துன்பம் கண்ட எவரும் அதற்கு வரலாகாது என்று அலெக்சாந்தர் கடிதம் எழுதுகிறான். விருந்துக்கு ஒருவரும் வரவில்லை. சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கிவரச் சென்ற கிசாகோதமியின் கதையை அறிந்த இலங்கையர்க்கு இது புதிதன்று. ஆயினும் 2004 இல் எங்கள் கரையில் அது கதையாக இருக்கவில்லை. விருந்துக்கு வரத்தக்கவர் உண்மையிலேயே அருகிப்போயினர்.

கிந்திக்குப் பின்வந்த அபூ ஸைத் அல்-பல்கி (மறைவு 934) இன்னும் நுட்பமானவர். உடலும் உள்ளமும் ஒன்றையொன்று வருத்தும் என்று கண்டவர் அவர். காரணம் தெரிந்த துயர் வேறு, காரணம் தெரியாமல் கவியும் துயர் வேறு எனப் பிரித்தார். பின்னையதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். நலமாயிருக்கும்போதே மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி இந்நூலின் உளம்பற்றிய பகுதியை 2013 இல் ஆங்கிலத்தில் தந்தபோது, இது இக்காலத்துச் சிகிச்சை முறையோடு எவ்வளவு நெருங்கியது என்று பலரும் வியந்தனர். அம்முறையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் அல்பேட் எல்லிஸ், எபிக்டெட்டஸுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர்.

ஆனால் எபிக்டெட்டஸ் அடிமையாயிருந்தவன். பொறுமையைத் தன் உடம்பிற் சோதித்தவன் பேசுவது ஒன்று. நாற்காலியில் அமர்ந்து பிறர்க்குப் பொறுமையை அளந்து கொடுப்பது முற்றும் வேறொன்று. பல்கியின் பாகுபாட்டோடு நான் மேலும் ஒன்றைச் சேர்ப்பேன்: காரணம் தெரிந்த துயரிலும் கடல் செய்தது உண்டு, மனிதர் செய்தது உண்டு. இறந்த பிள்ளை மீளாது. அங்கே பொறுமை மருந்து. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகளோ, பகிர்வு பற்றிய வழக்கினாலும் இழுபறியாலும் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. கூரையற்றவனிடம் அங்கே சபூரைப் போதிப்பது சிகிச்சையா, அதிகாரத்துக்குச் செய்யும் ஊழியமா?

உளவளத்துணைக்கு ஈழத்தில் வழங்கும் மற்றொரு பெயர் ஆற்றுப்படுத்தல். இப்பெயரைச் சூட்டியவர் வாழ்க! பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகளில் (திருமுருகாற்றுப்படை வேறு வகை, அதனை விடுவோம்), பரிசில் பெற்று மீளும் கலைஞன், பசியோடு எதிர்வரும் இன்னொருவனுக்குத் தான் நடந்த வழியைச் சொல்கிறான். எந்நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், எவன் வாயிலில் நிற்கவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பசியைப் பொறுத்துக்கொள் என்பது அவன் பேச்சன்று.

அந்த முகாமிலும் ஒருத்தி இருந்தாள். கணவனைக் கடலுக்குக் கொடுத்த முதியவள், எழுத்தறியாதவள். மூன்று நாள் அத்தாயின் பக்கத்தில் பேசாமலே இருந்தாள். நான்காம் நாட் காலையில், "எழும்பு புள்ள, பதியப் போவம்" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். நிவாரணப் பதிவுக்கான வரிசையில், ஒரே குடையின் கீழ், உச்சிவெயில்வரை இருவரும் நின்றதைக் கண்டேன்.