கொத்தனார் கூலியும் கஹ்ஃப் சூராவின் சுவரும்



"கூலி ஏறிப்போச்சு, இனி வீடு கட்டவே முடியாது." அஸ்திவாரம் தோண்டிய எவரைக் கேட்டாலும் இதுதான் பேச்சு. ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில், கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852 ரூபாய், தமிழகத்தில் சுமார் 501, நாடு முழுமைக்கும் 393, குஜராத்தில் 323. வடக்கிலிருந்து இளைஞர்கள் ஏன் ரயில் ஏறி இங்கே வருகிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. திருத்தணிப் பக்கம் அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களில், தறிக்கூலி கட்டுப்படியாகாதவர் கரண்டியைப் பிடிப்பதும் அதே கணக்கில்தான்.

கூலி ஏறுவது அநீதியா?

மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எவருடைய பொருளிலும் அநீதம் இழைத்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை (அபூதாவூத்). நெசவு, கட்டடம் போன்ற அவசியத் தொழில்களைப் பற்றி இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதும்போது, வழக்கத்திலுள்ள நியாயமான கூலியையே அளவாக வைக்கிறார்கள். உழைப்பவர் அதற்கு மேல் கேட்டு நெருக்கக் கூடாது. வேலை வாங்குபவர் அதில் குறைக்கவும் கூடாது.

ஆனால் நாம்? சிமெண்ட் மூட்டை விலை ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறோம். சித்தாள் வேலைக்கு வரும் அம்மா ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால் மட்டும் பேரம் பேசுகிறோம். பள்ளிவாசல் கட்டும்போது இன்னும் ஒரு படி மேலே போய், "அல்லாஹ்வின் வீடுதானே, குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிதோறும் கஹ்ஃப் சூரா ஓதுகிறோம். உணவு தர மறுத்த ஓர் ஊரில், விழவிருந்த சுவரை ஹிழ்ர் (அலை) நிமிர்த்தினார்கள். விரும்பியிருந்தால் இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்டார்கள் (18:77). மத்யனில் எட்டு ஆண்டு ஒப்பந்தம் பேசி உழைத்தவர்களாயிற்றே, கூலியின் அருமை அவர்களுக்குத் தெரியும். அந்தக் கூலியை விட்டுக்கொடுத்தது யார்? சுவரை நிமிர்த்தியவர். ஊர்க்காரர்கள் அவரிடம் போய் "விட்டுக்கொடு" என்று கேட்கவில்லை. தர்மம் செய்யும் உரிமை கொத்தனாருடையது. அதை அவர் சார்பில் நிர்வாகக் கமிட்டி செய்ய முடியாது.

"பேசிய கூலி ஒன்று, பாதி வேலையில் கூட்டிக் கேட்கிறார், கொடுக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். முடிந்த நாட்களுக்குப் பேசியதே கூலி. நாள்கூலி என்றால், நாளைய வேலைக்கு நாளைய பேச்சு. மொத்தமாகப் பேசியிருந்தால் அவரும் அந்த வாக்கில் நிற்க வேண்டும். ஆனால் கூலியைத் தெளிவுபடுத்தாமல் ஆளை வேலைக்கு அமர்த்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (அஹ்மத்). "வா, பார்த்துத் தர்றேன்" என்று அழைத்தவர், கலவை போடும் முன்பே தொகையைச் சொல்லிவிடட்டும்.