ஜாமீன் கையெழுத்து

படப்பையில் ஒரு மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், விற்பனை, அடமானம், செட்டில்மென்ட் என்று போகும் வரிசையில் சில சமயம் ஒரு ஜப்தி உத்தரவு நிற்கும். விசாரித்தால் கடன் மனைக்காரருடையதாக இருக்காது. தங்கை புருஷனுக்கோ கூட வேலை பார்த்தவருக்கோ ஜாமீன் போட்டிருப்பார். கடன் வாங்கியவர் நொடிப்பு மனுப் போட்டு மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார், ஜாமீன்தாரர் மாட்டிக்கொண்டார்.

மஞ்சள் கடுதாசி கொடுத்த அன்றே கடன் தீர்ந்தது என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அப்படி இல்லை. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் என்றால், படப்பை போன்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். பிறகு விடுவிப்புக்குத் தனியாக மனுப் போட வேண்டும். குறித்த காலத்தில் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். சொத்தில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறவில்லை என்றால், அதற்குத் தான் பொறுப்பல்ல என்று அவர் நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். விடுவிப்பு கிடைத்தால்தான் பழைய டிக்ரிகள் அவரை விடும். அப்போதும் அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் ஜீவனாம்சமும் தீராது.

இந்த விடுவிப்பில் அநியாயம் இல்லை. கடன் கொடுத்தவர் வாங்கிய வட்டி, பணம் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்கும் சேர்த்துத்தான். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், டிக்ரிப் பணம் கட்ட முடியாத வறுமைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்றார். நொடித்தவரை ஆயுசு முழுக்க விரட்டினால் அவர் பிள்ளைகளும் சேர்ந்து ஓட வேண்டியிருக்கும்.

ஆனால் ஜாமீன் போட்டவர் ஒரு பைசா வட்டி வாங்கவில்லை. உறவுக்காகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அந்த விடுவிப்பு கிடையாது என்று அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாய் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கை 24 மாதம் வரை பிடிக்கலாம். 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் அது மாதம் 6,333 ரூபாய். வீட்டு வாடகைக்கோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ எடுத்துவைத்த பணம் அது.

டிக்ரி தன்னை விட்டுவிட்டதால் கடன் வாங்கியவரின் கணக்கு முடிந்துவிடாது. நொடிப்பு மனுப் போடும் முன்பே ஜாமீன்தாரர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சம்மன் வந்து அவருக்குத் தெரியக் கூடாது. அதற்காக மனுவுக்கு முந்தைய மாதங்களில் ஜாமீன் போட்ட மச்சானுக்கு மட்டும் ரகசியமாகப் பணம் கொடுத்தால், அது மற்றவர்கள் வயிற்றில் அடிப்பது. சட்டமும் அதைச் செல்லாது என்று தள்ளும். விடுவிப்புக்குப் பிறகு புதிதாகச் சம்பாதிப்பதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதே நியாயமான வழி.

கையில் காசே இல்லாதவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜாமீன்தாரர் முழுத்தொகையை வெளியில் கட்டினாலும், கட்டியது நீதிமன்றத்தில் பதிவாகாவிட்டால் டிக்ரி உயிரோடுதான் இருக்கும். முழுத் திருப்தி பதிவு செய்து, ஜப்தியை நீக்கும் உத்தரவு வாங்கி, அது சார்பதிவாளர் அலுவலகம் போய்ச் சேரும்வரை வக்கீல், வாய்தா, நகல் மனு என்று அலைச்சல். அதற்கும் சேர்த்து ஜாமீன்தாரர் வேலைக்கு லீவு போடக் கூடாது. விடுவிப்பு வாங்கியவர்தான் அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.