அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள்



கடந்த ஜனவரி மாதம் வேதாரண்யம் பக்கத்தில் மூன்று நாள் உபவாசக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். கடைசி நாள் மத்தியானம் அங்குள்ள சகோதரர்கள், “ஐயா, இவ்வளவு தூரம் வந்துட்டு கோடியக்கரையைப் பாக்காம போகாதீங்க” என்று சொல்லி ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். கோடியக்கரை வெளிமான்களுக்கென்று 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். மான்களைத்தான் பார்க்கப் போனோம். ஆனால் கர்த்தர் எனக்குக் காண்பித்தது குதிரைகளை.

புல்வெளியின் நடுவே பத்துப் பன்னிரண்டு குதிரைகள் நின்றன. மட்டக்குதிரைகள். லாடம் இல்லை, கடிவாளம் இல்லை, பிடரிமயிர் சிக்குப்பிடித்துக் கிடந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. நான் இறங்கி நாலு அடி வைத்தேன், அவ்வளவுதான், ஓட்டம் பிடித்துவிட்டன. கூட வந்த தம்பி, “காட்டுக் குதிரைங்கய்யா, யாருக்கும் அடங்காது” என்றார்.

பிரியமானவர்களே, அது காட்டுக் குதிரை அல்ல. நம் இந்திய தேசத்தில் காட்டுக் கழுதை உண்டு. குஜராத்தில் கட்ச் வனாந்தரத்தில் இன்றைக்கும் அது ஓடுகிறது. யோபு 39-ம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். ஆனால் காட்டுக் குதிரை என்று நாம் சொல்லுகிறதெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தவைகளின் சந்ததிதான். எஜமான் போய்விட்டான், குதிரை நின்றுவிட்டது.

இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் நெடுந்தீவு இருக்கிறது. போர்த்துக்கீசரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். அவர்கள் கட்டின லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. கட்டினவர்கள் இல்லை. அந்தக் குதிரைகளின் வம்சம் மட்டும் தீவில் திரிகிறது. மழை பொய்த்துக் குளம் வற்றினால் தண்ணீர் இல்லாமல் விழுந்து சாகிறது. 2015-ல் அரசாங்கம் அந்தத் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அசாமில் திப்ரு சைகோவா காட்டிலும் குதிரைக்கூட்டம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவம் விட்டுப்போனவற்றின் சந்ததி என்று சொல்லுகிறார்கள். யுத்தத்துக்கு வேண்டியிருந்தது, யுத்தம் முடிந்ததும் வேண்டாதது ஆயிற்று.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு யாருடைய முகம் ஞாபகம் வருகிறது?

எனக்கு ஒரு வாலிபனுடைய முகம் வந்தது. அந்தப் புல்வெளியிலே நான் அழுதேன். கூட வந்தவர்கள் ஆவியில் நிறைந்துவிட்டேன் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். அது வெட்கத்தில் வந்த அழுகை.

நம்முடைய பகுதியை நான் சின்ன ஊழியக்காரனாய் இருந்தபோதே அறிவேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கினது. அதற்குப் பின் ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் கம்பெனி ஆயிற்று. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்தார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். ஷிப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். காண்டிராக்ட் முடிந்தால் ஒரு நாள் காலையில் கேட்டில் அட்டை வேலை செய்யாது. அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும், தன்னை அவிழ்த்துவிட்டார்கள் என்று.

அப்படி ஒரு தம்பி இரண்டு வருஷத்துக்கு முன்பு நம் சபைக்கு வந்தான். குடியில் இருந்தான். ஆண்டவர் தொட்டார், மெய்யாகவே தொட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் என்ன செய்தேன்? மூன்றாம் வாரமே மைக்கைக் கையில் கொடுத்து, “சாட்சி சொல்லு தம்பி” என்றேன். இரண்டாம் மாதம் வாலிபர் கூட்டத்துக்குப் பொறுப்பாக வைத்தேன். வெள்ளிக்கிழமை உபவாசம், சனிக்கிழமை கைப்பிரதி, ஞாயிறு இரண்டு ஆராதனை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பின்பெஞ்சில் அவன் தூங்கினதைப் பார்த்து முறைத்திருக்கிறேன். ஐந்தாம் மாதம் மறுபடி குடித்துவிட்டான். இரவு ஜெபத்தில் நான் பேர் சொல்லாமல் பேசினேன். பேர் சொல்லாமல் பேசினால் போதும் என்று ஊழியக்காரர்கள் நினைக்கிறோம். இருந்த எழுபது பேருக்கும் யாரென்று தெரியும். வேதாகமத்தை நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்திலிருந்து அவனை அடங்காதவன் என்று சொன்னேன். நீங்களும் ஆமென் சொன்னீர்கள்.

(இதை எழுதலாமா என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன். “உங்க தப்பை மட்டும் எழுதுங்க பாஸ்டர்” என்று சிரித்தான். அப்படியே எழுதுகிறேன்.)

கோடியக்கரையில் நான் நின்றபோது என் தகப்பனார் கண்முன் வந்தார். அவர் காஞ்சிபுரத்தில் ஜட்கா வண்டி ஓட்டினவர். இரட்சிக்கப்பட்டது கடைசிக் காலத்தில்தான். ஆனால் குதிரை விஷயத்தில் அவருக்கு இருந்த பொறுமை ஊழியத்தில் எனக்கு இருந்ததில்லை.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு செவலைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தியூர் சந்தையில் வாங்கின குதிரையாம். வாங்கினவர் அடித்து அடித்து, அது கடிக்கவும் உதைக்கவும் ஆரம்பித்து, கடைசியில் தீனியும் போடாமல் விட்டிருந்தார். விலா எலும்பை எண்ணலாம். அம்மா மனசு கேட்காமல் ஒரு வாளி கொள்ளு வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். அப்பா வாளியைப் பிடுங்கிவிட்டார். “கொன்னுடாத. பட்டினி கெடந்த குதிரைக்குக் கொள்ளு விஷம்” என்றார். அன்றைக்கு ஒரு பிடி அருகம்புல், ரெண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பிடி, அவ்வளவுதான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தெரியுமா? உள்ளே போனது தங்காவிட்டால் வயிறு உப்பி, உருண்டு, செத்துப்போகும். உலர்ந்த புல்லும் பச்சைப் புல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வாரக்கணக்கில் பழக்கித்தான் தானியம் காட்டவேண்டும். இன்றைய கால்நடை வைத்தியர்களும் இதையேதான் சொல்லுகிறார்கள்.

பேதுரு புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குப் பாலைப்பற்றி எழுதினார். நானோ அந்தத் தம்பிக்கு முதல் மாதமே ஒரு வாளி கொள்ளு வைத்தேன். அது உப்பினது, உருண்டது. நான் அதைப் பின்மாற்றம் என்று பேர் வைத்தேன்.

பதினைந்து நாள் அப்பா அந்தக் குதிரையைத் தொடவே இல்லை. லாயத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி சுற்றுவார். நான், “ஏம்ப்பா அதைப் பாக்காம உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டேன். “உத்துப் பாத்தா புலி பாக்குற மாதிரி இருக்கும்டா அதுக்கு” என்றார். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. சுற்றிலும் பார்க்கும், ஆனால் நேர் முன்னால் நெற்றிக்குக் கீழேயும், நேர் பின்னால் வாலண்டையும் அதற்குத் தெரியாது. அங்கேயிருந்து கை நீட்டினால் பயந்து உதைக்கும். அது கோபம் அல்ல. அடித்துத் தின்கிற மிருகத்துக்குப் பயந்து ஓடிப் பிழைத்த பிராணி அது. ஓடுகிறதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம். ஆகையால் தோள்பட்டைப் பக்கமாக, சத்தம் கொடுத்துக்கொண்டு வரவேண்டும்.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, அது தானாக வந்து அப்பாவின் தோளில் மூச்சு விட்டது. அப்போதும் அவர் திரும்பவில்லை! நானாயிருந்தால் கயிறைப் போட்டிருப்பேன்.

கயிறு போட்ட பிறகும் அவர் செய்ததைக் கவனியுங்கள். லேசாக இழுப்பார். குதிரை ஒரு அடி வந்தால், அந்தக் கணமே கயிறைத் தளர்த்திவிடுவார். வராவிட்டால் அதே இழுப்போடு நிற்பார், கூட்டமாட்டார், வெட்டி இழுக்கமாட்டார். “இழுக்கிறதுக்கு எல்லாருக்கும் தெரியும்டா. எப்போ விடணும்னு தெரியணும். விடுறப்பதான் அது கத்துக்குது” என்பார். மேல்நாட்டில் குதிரை பழக்குகிறவர்களும் இந்த முறையைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். இழுப்பு பாடம் அல்ல, தளர்வுதான் பாடம். அந்தத் தம்பி குடியை விட்டு ஐந்து மாதம் ஐந்து அடி வந்தான். நான் ஒரு தடவையாவது கயிறைத் தளர்த்தி, “போதும் தம்பி, இன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கு” என்று சொன்னேனா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் திறந்தவெளிகளில் ஆயிரக்கணக்கான குதிரைகள் எஜமான் இல்லாமல் திரிகின்றன. அவைகளைக் காப்பாற்ற 1971-ல் சட்டம் போட்டார்கள். மேய்ச்சல் தாங்காத இடங்களிலிருந்து பிடித்து, வளர்க்க விரும்புகிறவர்களுக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். கொலராடோ மாநிலத்தில் கேனன் சிட்டி என்ற இடத்தில் 1986-ல் ஒரு காரியம் நடந்தது. பிடித்த குதிரைகளைச் சிறைக்கைதிகளின் கையில் கொடுத்துப் பழக்கச் சொன்னார்கள். அடைபட்ட மனுஷன், அடைபட்ட குதிரை. அவசரப்பட்டுக் கத்துகிற கைதியிடம் குதிரை வராது, ஆகவே கத்துகிறதை அவன் விடவேண்டும். யார் யாரைப் பழக்கினது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்தத் தத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பணம் கட்டிக் குதிரையைக் கொண்டுபோனாலும் உடனே அது உங்களுடையது ஆகாது. ஒரு வருஷம் தீனி, தண்ணீர், நிழல், குளம்பு எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தீர்கள் என்று காட்டின பிறகுதான் உரிமைப் பத்திரம் கேட்கலாம். அதுவரைக்கும் குதிரை அரசாங்கத்தினுடையது. ஊழியக்காரரே, மூப்பரே, சபைக்கு வந்த ஆத்துமாவை முதல் ஞாயிறே நம்முடைய ரிஜிஸ்டரில் எழுதி நம்முடையது என்கிறோமே, பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

இப்போது மாற்கு 11-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எருசலேமுக்குள் போக ஆண்டவர் கேட்டது, ஒருவரையும் சுமந்திராத ஒரு குட்டி. குருத்தோலை ஞாயிறுதோறும் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். ஜட்காக்காரன் மகனாக அதை வாசித்ததில்லை. பழகாத குட்டியின் முதுகில் துணியைப் போட்டாலே துள்ளும். இங்கே முதுகில் வஸ்திரம், தரையில் வஸ்திரம், காற்றில் ஆடுகிற கிளைகள், ஜனக்கூட்டத்தின் ஆரவாரம். அது ஏன் மிரண்டு ஓடவில்லை? மத்தேயு ஒரு விவரத்தை விடாமல் எழுதுகிறார்: தாய்க் கழுதையையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். ஏறப்போவது குட்டியில். தாய் எதற்கு? ஒரு பயந்த குட்டிக்குப் பக்கத்தில் தெரிந்த மணம் ஒன்று வேண்டும் என்று சர்வ வல்லவர் யோசித்தார்! அல்லேலூயா! புயலை அதட்டினவர் குட்டியை அதட்டவில்லை.

32-ம் சங்கீதத்தில் கடிவாளத்தைப் பற்றி வாசிக்கிறோம். கடிவாளம் போட்டு இழுக்கவேண்டிய குதிரையைப்போல இராதே என்று அந்த வசனம் எச்சரிக்கிறது. அதை நான் வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ முறை சவுக்கைப்போல வீசியிருக்கிறேன். அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். கர்த்தர் நம்மேல் கண்வைத்து நடத்துவதாக வாக்குப்பண்ணுகிறார். முதலாவது கண். கடிவாளம் பிறகு வருகிறது.

அப்பாவின் செவலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏழு வருஷம் வண்டி இழுத்தது. ஆட்டோ வந்து ஜட்கா பிழைப்பு போனபோது, எங்கள் தெருவில் இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். அப்பாவுக்கு நல்ல விலைக்கு ஆள் வந்தது. அந்த ஆளின் கையில் சவுக்கைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். உத்திரமேரூர் பக்கம் தோப்பு வைத்திருந்த ஒரு வாத்தியாருக்குச் சும்மா கொடுத்தார். வீட்டில் அரிசி இல்லாத மாதம் அது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் குறித்துக் கவலைப்படுகிறான் என்று நீதிமொழிகள் 12-ல் இருப்பதை அப்போது அவர் வாசித்ததுகூட இல்லை.

கோடியக்கரையிலிருந்து வந்ததும் நான் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். பழைய அறையில் இல்லை. வல்லம் கூட்டுரோடு பக்கம் ஒரு டீக்கடையில் கண்டேன். எதிரே போய் உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். சபையைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவன் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆறு செவ்வாய்க்கிழமை அதே கடைக்குப் போனேன். மூன்று தடவை வந்தான், மூன்று தடவை வரவில்லை. போன ஞாயிறு நம் ஆலயத்துக்கு வந்து செருப்பு விடுகிற இடத்தில் நின்றான். காணிக்கைப் பாட்டுக்கு முன்னே போய்விட்டான்.

ஆகையால் சபையாருக்கு என் விண்ணப்பம் இது. அவன் மறுபடியும் வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்காதீர்கள். “எங்கே ரொம்ப நாளா காணோம்” என்று கேட்காதீர்கள். முன்னால் வரச்சொல்லி அழைக்காதீர்கள், நானும் அழைக்கமாட்டேன். ஒரு நாற்காலியை மட்டும் கதவுக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். அவனை முதலில் அழைத்துவந்த சகோதரன் அந்தப் பக்கம் உட்காரட்டும். பகல் சாப்பாடு வைக்கிற சகோதரிகள் ஒரு பொட்டலம் கட்டிக் கதவண்டை வையுங்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

அவனுடைய வேதாகமம் என் மேஜையில் இருக்கிறது. அவன் கேட்கிறவரைக்கும் நான் அதை எடுத்து நீட்டப்போவதில்லை. இதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்
ஸ்ரீபெரும்புதூர்