மணல் கோயிலும் மனைப்பட்டாவும்

தெய்வம் குடியிருக்கக் கல் கட்டடம் வேண்டுமா? செஞ்சியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என்னை இந்தக் கேள்வி விடாமல் பிடித்திருக்கிறது. என்னிடம் அதைக் கொண்டுவந்தவர்கள் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பழங்குடியினர்.

மாசிப் பௌர்ணமி நெருங்கினால் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள். "கன்னியம்மாவ கூப்புட மாபலிபுரம் போறோம் சார்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனை மனம் குளிர்வித்துத் திரும்ப அழைத்துவர வடமாவட்ட இருளர்கள் மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். குச்சி நட்டுப் புடவை சுற்றினால் தங்குமிடம். அலையோரம் மணலைக் குவித்து ஏழு படி அமைத்தால் கோயில். படியில் மஞ்சளும் பூவும் வெற்றிலையும் தேங்காயும் வைக்கிறார்கள். விடியலில் சாமி வந்தவர் வாக்குச் சொல்கிறார். நிச்சயதார்த்தமும் கல்யாணமும் அங்கேயே நடக்கின்றன. அவர்கள் ஊர் திரும்பியதும் அலை படிகளைக் கரைத்துவிடுகிறது. அடுத்த மாசியில் மறுபடி மணல் குவிகிறது.

இதற்கு மாறாக, எங்கள் செஞ்சிக் கோட்டைக்குள் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. 1750 முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. கோயிலின் வேலைப்பாடு மிக்க தூண்களை அவர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அவை இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. கருங்கல் கோயிலைக் கொள்ளையிட முடிந்தது. ஆண்டுதோறும் கரையும் கோயிலிடமிருந்து எதை எடுத்துப்போக முடியும்?

கல் இல்லாமலும் கோயில் உண்டு என்ற உண்மை நம் மரபுக்குப் புதிதன்று. காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளிலேயே, திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் மனத்தில் கட்டிய கோயிலுக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. இறைவன் மன்னனின் கனவில் வந்து, நாளைத் தள்ளிவை என்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆகவே என் கேள்விக்கு விடை தெளிவு. தெய்வத்துக்கு மணலும் போதும், மனமும் போதும்.

ஆனால் மனிதருக்குப் போதாது. பூசலாருக்கு மனக்கோயில் போதுமென்று அவர் குடிசையைப் பிடுங்குவது பக்தியாகுமா? செஞ்சி மலைகளைச் சுற்றிய காடுகளில் தேன், கிழங்கு, மூலிகை அறிந்து வாழ்ந்தவர்கள் இருளர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய பாம்பு பிடிக்கும் தொழிலை முடக்கியது. பலர் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணக் கடனுக்குக் கொத்தடிமைகள் ஆனார்கள். புறம்போக்கில் வாழ்பவருக்குப் பட்டா இல்லை; பட்டா இல்லாமல் அரசின் வீடு வருவது கடினம். பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் மேற்படிப்பு வாசலில் நின்றுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும் வழியில் கமலக்கன்னியம்மனைக் கும்பிடுகிறோம். ஏழு கன்னியரில் ஒருத்தியான செஞ்சியம்மனே நம் ஊருக்குப் பெயர் தந்தாள் என்று நம்புகிறோம். அதே கன்னிமாரைக் குலதெய்வமாகக் கொண்டவர்களை ஏரிக்கரையிலேயே விட்டுவைப்பது அந்த வழிபாட்டையே பொய்யாக்குகிறது.

செஞ்சி மக்களே, திருப்பணிக்கு மனமுவந்து கொடுக்கிறீர்கள். ஓர் இருளர் பிள்ளைக்குச் சான்றிதழ் மனு எழுதிக் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் பட்டாவுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை கூடப் போங்கள். அதுவும் திருப்பணிதான்.