கணக்கில் எழுதாத கடன்

சரக்குக் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தை நாள் தவறாமல் செலுத்துவதே வணிகனின் நாணயம் என்று நம் முன்னோர் கருதினர். அந்த நாணயத்தையே முதலாக வைத்துப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கடை திறந்தவர் பலர். கையில் காசில்லாத காலத்திலும் சொன்ன சொல் தவறாதவருக்கே மறுபடியும் சரக்குக் கிடைத்தது. அந்த நற்பண்பு இன்றும் நம்மிடையே மறைந்துவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால், பேரேட்டில் பெயரில்லாத சிலரும் நம்மிடம் பாக்கிக்காகக் காத்திருக்கின்றனர். மனைவி காத்திருக்கிறாள். பிள்ளைகள் காத்திருக்கின்றனர். முதுமையடைந்த பெற்றோர் காத்திருக்கின்றனர். நம் சொந்த உடலும் காத்திருக்கிறது. அவர்கள் கேட்பது பணமன்று, நம்முடைய நேரம். கடைவாசலில் வந்து நின்று அவர்கள் உரக்கக் கேட்பதில்லை. ஆகையால் அந்தப் பாக்கியை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “யாருக்காக இப்படி இரவு பகல் பாராமல் உழைக்கிறேன்? எல்லாம் என் பெண்டு பிள்ளைகளுக்காகத்தானே!” இந்தப் பதில் பொய்யன்று. ஆனால் இது சரியான பதில்தானா? குடும்பத்துக்காகச் சம்பாதிப்பதனால் குடும்பத்துக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் முழுவதும் தீர்ந்துவிடுகிறதா? இதனைச் சற்றே நிதானமாக ஆராய வேண்டும்.

வியாபாரத்தை இஸ்லாம் தாழ்வாகக் கருதவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள். மனைவி மக்களுக்காக ஹலாலான வழியில் செலவிடுவதற்கும் நற்கூலி உண்டென்று அவர்கள் போதித்தார்கள். எனவே கடையில் வியர்வை சிந்துவதை வீண் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு கடமையை நிறைவேற்றியவன் மற்றொரு கடமையிலிருந்து விடுதலை பெற்றுவிடுவதில்லை. ஜகாத்தை ஒன்றுக்குப் பத்தாகக் கொடுத்துவிட்டு, “தொழுகைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஜகாத் வேறு, தொழுகை வேறு. அதுபோலவே, பிள்ளையின் பள்ளிச் செலவு ஒரு ஹக்கு. அவன் தந்தையோடு உட்கார்ந்து பேசுவது மற்றொரு ஹக்கு. முன்னதை எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாலும் பின்னது பாக்கியாகவே நிற்கும்.

ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரின் வரலாறு நாம் அறிந்ததே. நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒருநாள் அபுத்தர்தாவின் இல்லத்துக்குச் சென்ற ஸல்மான், வீட்டம்மையார் தம்மைப் பேணிக்கொள்ளாத எளிய உடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். கணவருக்கு இவ்வுலகில் நாட்டமே இல்லை என்று அம்மையார் சொன்னார். அபுத்தர்தா பகலில் நோன்பு. இரவில் நின்று வணங்குதல். ஸல்மான் அவரை அன்று உண்ணச் செய்தார். இரவில் உறங்கச் செய்தார். கடைசிச் சாமத்தில் இருவரும் எழுந்து தொழுதனர். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஸல்மான் எடுத்துரைத்தார். அதனைக் கேள்வியுற்ற நாயகம் (ஸல்) அவர்கள், ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அபுத்தர்தா (ரலி) அவர்கள் மனைவியின் உரிமையை மறந்தது சூதாட்டத்தாலன்று, பணத்தாசையாலன்று, வணக்கத்தால். இறைவணக்கத்தைக் காரணம் காட்டிக்கூட வீட்டாரின் உரிமையையும் உடலின் உரிமையையும் பறித்துவிடக் கூடாது என்றால், வியாபாரத்தைக் காரணம் காட்டிப் பறிக்கலாமோ?

நம் மூதாதையர் குடும்பத்தைப் பிரிந்துதானே வாழ்ந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நாகூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் கப்பலேறி வந்தவரில் பெரும்பாலோர் வீட்டாரை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகவே வந்தனர். கடைக்கு மேல்மாடியே படுக்கையறை. ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. பங்குதாரர்களுள் ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் கடையைப் பார்த்துக்கொள்வார். அவர் திரும்பியதும் இவர் போவார். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜுலா’ கப்பல் எத்தனையோ தந்தையரை இப்படி முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊரில் இருக்கும் மாதங்களில் அவர்கள் முழுக்க முழுக்க வீட்டுக்கே உரியவர்கள். கடையின் தந்தியோ கடிதமோ எப்போதாவதுதான் வரும். இன்று நம் குடும்பம் நம்முடனேயே இருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. ஆயினும் பிள்ளைகள் எழுமுன் புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் திரும்பும் தந்தையர் எத்தனை பேர்! அன்று கடல் பிரித்தது. இன்று கல்லாப்பெட்டி பிரிக்கிறது. சோற்றுத் தட்டின் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு சரக்கு விலை பேசுபவர், வீட்டிலிருந்தும் வீட்டில் இல்லாதவரே.

நம்மிடம் வேலை பார்க்கும் பையனுக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரம் ஒருநாள் ஓய்வை விதிக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்ச அளவு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூர்ச் சட்டமும் தொழிலாளிக்கு வாரம் ஒருநாள் ஓய்வு தருகிறது. முதலாளிக்கு மட்டும் அப்படிப்பட்ட சட்டம் ஏதுமில்லை. அவர் தமக்குத் தாமே சட்டம் செய்துகொள்ள வேண்டும். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வாரத்தில் ஆறு நாள் கடையில் நிற்பவருக்கு 72 மணி நேரம் ஆகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைக் காட்டிலும், 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடு அதிகம். இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம் என்று அந்த ஆய்வு கணித்தது. உடல் அமானத் பொருள். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை இப்படி அழியவிடுவோமா?

உடல் விழுமுன்பே உள்ளம் விழுந்துவிடுவதும் உண்டு. எப்போதும் தீராத களைப்பு, தொழில்மீதே ஒரு கசப்பு, முன்பு எளிதாய்ச் செய்த வேலையும் கைகூடாமை ஆகியவை அதன் அடையாளங்கள். வாடிக்கையாளர் விலை கேட்டாலே சிடுசிடுப்பதும், சிறு தவறுக்குப் பையனைத் திட்டுவதும், கூட்டல் கழித்தலில் பிழை செய்வதும் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஓய்வில்லாமல் காப்பாற்ற நினைத்த வியாபாரத்தை அந்த ஓய்வின்மையே அரித்துவிடுகிறது.

“கடையை மூடினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும், வாடகை ஏறிக்கொண்டே போகிறது, ஆள் கிடைப்பதில்லை” என்பார்கள். இவை கற்பனைக் கஷ்டங்களல்ல. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் நாசி கண்டார் கடைக்கு அருகில் கடை வைத்திருப்பவரின் அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நாம் செய்வதை எண்ணிப் பாருங்கள். ஜும்ஆவின் பாங்கு ஒலித்ததும் வியாபாரத்தை விட்டுவிடுமாறும், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவி இறைவனின் அருளைத் தேடுமாறும் திருமறை கட்டளையிடுகிறது. பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளியிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளியிலும் தலைமுறை தலைமுறையாக நம் வணிகர்கள் அப்படியே செய்து வருகின்றனர். அந்த ஒரு மணி நேரத்தால் எவரும் ஏழையாகிவிடவில்லை. ஆகவே கடையை மூட முடியாது என்பதில்லை. மூடுவதற்குத் தகுந்த காரணமாக வீட்டாரை நாம் இன்னும் மதிக்கவில்லை என்பதே உண்மை. தனக்கு விதித்த ரிஸ்கை முழுமையாகப் பெறாமல் எந்த உயிரும் மரணிப்பதில்லை, ஆகவே அழகிய முறையில் தேடுங்கள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. தேட வேண்டாம் என்று அது சொல்லவில்லை. தேடும் முறையில் அழகு வேண்டும் என்கிறது.

அந்த அழகுக்கு வழி என்ன? உமர் (ரலி) அவர்களும் மதீனாவின் புறப்பகுதியில் வாழ்ந்த அவர்களுடைய அன்சாரி அண்டைவீட்டாரும் முறை வைத்து நாயகம் (ஸல்) அவர்களிடம் செல்வார்கள். ஒருநாள் ஒருவர் போவார். அன்றைய செய்திகளை மற்றவருக்கு வந்து சொல்வார். மறுநாள் மற்றவர் போவார். பிழைப்பும் கெடவில்லை, அறிவும் கெடவில்லை. பங்குதாரர்களும் அண்ணன் தம்பியரும் மாமன் மருமகனும் இப்படி மாலை நேரங்களைப் பகிர்ந்துகொள்ளலாம். முதலாளியின் மூளையில் மட்டும் இருக்கும் விலைகளையும் பாக்கிகளையும் ஏட்டில் எழுதி வைத்தால், நம்பிக்கையான ஒருவர் அவர் இல்லாத நேரத்திலும் கடையை நடத்த முடியும். ஒரே ஆளாக நிற்கும் சிறு கடைக்காரருக்கு இது அரிதுதான். அவரும் அடைக்கும் நேரம் ஒன்றை வரையறுத்துப் பலகையில் எழுதி மாட்டலாம். ஓரிரு மாதத்தில் வாடிக்கையாளர் பழகிக்கொள்வர். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்திலேனும் கைப்பேசியை மூடி வைக்கலாம்.

இதனால் வருமானம் சிறிது குறையக்கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கடனைத் தீர்த்தாலும் கையிருப்புக் குறையத்தான் செய்யும். அதற்காகக் கடனைத் தீர்க்காதிருப்பவனை நாணயஸ்தன் என்று எவரும் சொல்வதில்லை. சரக்குக் கடனுக்கு நாளை தவணை கேட்கலாம். வளர்ந்துவிட்ட பிள்ளையின் இளமைக்கும், மறைந்துவிட்ட பெற்றோரின் முதுமைக்கும் எவரிடம் தவணை கேட்பது?

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் இல்லங்களில் நிம்மதியையும், ஒவ்வொருவருக்கும் உரிய ஹக்கை உரிய காலத்தில் கொடுக்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.