மாறாத நாளும் மாறும் ஒன்றும்

ஒழுங்காக அமைந்த அன்றாடம் மனிதரின் அறியும் ஆவலை மழுங்கச் செய்கிறதா, வளர்க்கிறதா என்னும் கேள்விக்கு விடை தேட, மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் ஒரு நாள் பொருத்தமான களமாக அமையும். நேற்று உட்கார்ந்த இடத்திலேயே இன்றும் உட்கார வேண்டும், கேட்ட கதையையே சொல் மாறாமல் மறுபடியும் கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் அதே குழந்தை, எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று துளைத்தெடுக்கவும் செய்கிறது. இவ்விரண்டும் ஒரே பருவத்தில் ஒன்றாக நிற்பது தற்செயலாக இருக்க முடியாது.

காவிரிப் பாசனத்தை நம்பி வாழும் மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலம் வட்டாரத்திலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, இப்பருவத்துப் பிள்ளைகளுக்கான பொது இடமாக இருப்பது அரசு ஏடுகளில் குழந்தைகள் மையம் என்றும் ஊரார் பேச்சில் பால்வாடி என்றும் வழங்கும் அங்கன்வாடியாகும். 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் தேர்ந்தெடுத்த 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இம்மையங்களுக்கு வடிவம் தந்தன. உணவோடு முன்பருவக் கல்வியும், அதாவது பள்ளியில் சேரும் முன் ஆட்டம், பாட்டு, கதை, பேச்சு ஆகியவற்றின் வழியாகத் தரப்படும் கல்வியும், இங்கே உண்டு. இதற்கான பாடத்திட்டம் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் வழங்குகிறது. பாட்டு, பேச்சு, விளையாட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுதல், சாப்பாடு, தூக்கம் என்று செல்லும் நாளின் வரிசையைக் கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தையும் அறிந்திருக்கிறது. கை கழுவியபின் சோறு வரும் என்று அது உறுதியாக எதிர்பார்க்கிறது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்திய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, சிறு குழந்தைகளுக்கு ஒழுங்கின் மீதுள்ள இந்த நாட்டத்தை அறிவு வளர்ச்சிக்கு அடிப்படையான ஒரு தேவையாகவே கருதினார்.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவருக்கே, வராதது வரும்போது வியப்பு உண்டாகிறது. எதையும் எதிர்பார்க்காதவரை எதுவும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. அறிவியல் சோதனையின் அமைப்பும் இதுவே. இரண்டு கொட்டாங்குச்சிகளில் பஞ்சு பரப்பி, இரண்டிலும் ஒரே அளவு பச்சைப்பயறு போட்டு, அருகருகே வைத்து, ஒன்றில் மட்டும் நாள்தோறும் தண்ணீர் தெளித்துவந்தால், ஓரிரு நாளில் ஈரத்திலுள்ள பயறு ஊதித் தோல் வெடித்து வெள்ளை முளையை நீட்டுகிறது, மற்றது போட்டது போட்டபடி கிடக்கிறது. ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிடும் இம்முறையை அறிவியலார் கட்டுப்பாட்டுச் சோதனை என்பர். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்து, வயலில் எஞ்சிய ஈரத்தில் முளைக்கவிடும் காவிரிப் படுகையில், கொட்டாங்குச்சியில் நிகழ்வது வீட்டாருக்கும் தெரிந்த செய்திதான். இரண்டாவது கொட்டாங்குச்சியை ஏன் வைக்க வேண்டும் என்பதே குழந்தை இங்கே புதிதாகக் கற்பது.

இத்தகைய சோதனைகளில் சரியான விடையை உடனே எதிர்பார்ப்பது பருவமறியாத செயலாகும். அகன்ற கிண்ணத்துத் தண்ணீரைக் கண்ணெதிரே ஒடுங்கிய உயரமான டம்ளரில் ஊற்றிக் காட்டினாலும், டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்று நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சொல்வதை ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கியிருக்கிறார். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்னும் புரிதல் அதற்குப் பின்னரே உறுதிப்படுகிறது. விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால் இழப்பும் உண்டு. எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பல விதமாக இயங்கும் புதிய பொம்மையின் ஓர் இயக்கத்தை மட்டும் பாடமாகக் கற்பித்துக் காட்டியபோது, குழந்தைகள் அதையே திரும்பச் செய்து, மற்ற இயக்கங்களைக் குறைவாகவே கண்டுபிடித்தனர். அதே இயக்கம் தற்செயலாக நிகழ்ந்ததுபோல் காட்டப்பட்டவர்களோ கூடுதலாகத் தேடினர். ஆகவே, பொருளை எடுக்கும் முன் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, வருகிற விடைகளைத் திருத்தாமல் காத்திருப்பதே அங்கன்வாடிப் பணியாளரின் அரிய திறமையாகும். கைகட்டி வாய்பொத்தி இருப்பதை ஒழுங்கென்று கொள்ளும் மையத்தில் வரிசை இருக்கும், கேள்வி இருக்காது.

ஒழுங்கும் கேள்வியும் கைகோத்துச் செல்வதைக் காட்டும் நல்ல சான்று விதைநெல் தேர்வில் இருக்கிறது. நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க மேலெழுந்து, பழைய நாலணாக் காசின் அகலத்துக்கு வெளியே தெரியும்படி மிதக்கும்போது கரைசல் பதமாகிவிட்டது என்று கொண்டு, அதில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரையும் கருக்காயையும் அரித்தெடுத்துவிட்டு, அடியில் தங்கிய திரண்ட மணிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கப் பயன்படுத்துவர். உப்புக் கரைந்த நீரின் அடர்த்தி, அதாவது ஒரே கொள்ளளவில் அடங்கும் பொருளின் நிறை, கூடுகிறது என்பதே இதன் காரணம். மிதப்பதையும் மூழ்குவதையும் அறியக் குழந்தைகளுக்குச் செய்துகாட்டும் முட்டைச் சோதனை, விவசாயிக்குச் சாகுபடிக்கு முந்திய வேலைகளுள் ஒன்றாக இருக்கிறது. மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறித்திருக்கும் ஜூன் 12ஐ ஒட்டிக் குறுவை வேலைகளை வகுத்துக்கொள்ளும் விவசாயி, ஆண்டுதோறும் ஒன்றையே செய்வதால்தான் இந்த ஆண்டு எது வேறாக இருக்கிறது என்பதைப் பிறருக்கு முன்பே கண்டுகொள்கிறார்.

பெரியவர்கள் பொதுவாக இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிடுகின்றனர்: சிலர் பழக்கத்தைக் கேள்வியின்றிச் சுமக்கின்றனர், சிலர் சலிப்புத் தட்டியதும் வேலை, உணவு, உறங்கும் நேரம் ஆகிய அனைத்தையும் ஒரேயடியாக மாற்றுகின்றனர். முன்னவருக்கு வாழ்க்கை வேறு விதமாகவும் அமையலாம் என்பது தெரிவதில்லை. பின்னவருக்கு ஒருவேளை நன்மை விளைந்தாலும், மாற்றியவற்றுள் எதனால் விளைந்தது என்று சொல்ல வழியில்லை. நாளின் பெரும்பகுதியை இருந்தபடியே வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றி, பயன் தெரியும்வரை பொறுத்திருப்பவர் தம் வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொள்கிறார். இந்தப் பொறுமையை ஐந்து வயதுக்குள் பழக்கிவிட இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரு பிடிப் பயறும் போதும் என்றால், முன்பருவக் கல்வியை எழுத்தும் எண்ணும் எத்தனை தெரியும் என்பதை மட்டும் கொண்டு மதிப்பிடும் வழக்கத்தைப் பெற்றோரும் பள்ளிகளும் கைவிட வேண்டும்.